வீட்டுத் திருட்டு அலாரம்

பூட்டிய வீட்டின் கதவோ சன்னலோ திறக்கப்பட்டாலும், ஆளில்லாத அறையில் நடமாட்டம் தெரிந்தாலும் ஒலி எழுப்பி உரிமையாளருக்குத் தகவல் அனுப்பும் மின்னணு அமைப்பு, திருட்டு அலாரம். திருடனைத் தடுக்கும் வேலை பூட்டுக்கும் கிரில்லுக்கும் உரியது. அலாரம் அவனுக்குக் கிடைக்கும் நேரத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் 1853-இல் மின்சாரத் திருட்டு அலாரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கதவு திறந்ததும் மின்சுற்று இணையும். மின்காந்தம் ஒரு சுத்தியலை அசைத்து மணியடிக்கும். அந்த உரிமையை விலைக்கு வாங்கித் தொழிலாக வளர்த்தவர் எட்வின் ஹோம்ஸ். அவருடைய மகன் 1877-இல் பாஸ்டனில் அலாரக் கம்பிகளிலேயே தொலைபேசி இணைப்பகத்தையும் நடத்திப் பார்த்தார்: பகலில் பேச்சு, இரவில் காவல். கேமராவை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த அமைப்புக்கு, நியூயார்க்கில் செவிலியராக இருந்த மேரி வான் பிரிட்டன் பிரவுனும் அவருடைய கணவரும் 1969-இல் காப்புரிமை பெற்றனர்.

போப்பின் அமைப்பைப் போல, கதவைத் திறந்தால்தான் மின்னோட்டம் பாயும் என்ற ஏற்பாட்டில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. கம்பியை அறுத்துவிட்டால் மணி ஊமையாகிவிடும். எனவே பிற்கால அமைப்புகள் இதைத் தலைகீழாக்கின. சுற்றில் எப்போதும் சிறிதளவு மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும்; அது நின்றால் அலாரம். கதவு திறந்தாலும் கம்பி அறுந்தாலும் விளைவு ஒன்றே. இரண்டு கம்பிகளையும் ஒட்டவைத்து ஏமாற்றுபவனுக்காக, கம்பியின் கோடியில் ஒரு மின்தடை வைக்கப்படுகிறது. அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனல் அந்தக் குறிப்பிட்ட அளவை எதிர்பார்க்கும். கூடினாலும் குறைந்தாலும் சந்தேகப்படும். இந்த மின்தடை சென்சாருக்குள் இருக்க வேண்டும். வேலை சுலபம் என்று சில பணியாளர்கள் அதைப் பேனலுக்குள்ளேயே பொருத்திவிடுவதுண்டு. அப்படிச் செய்தால் அது இருந்தும் இல்லாததுதான்.

கதவுச் சென்சார் இரண்டு துண்டுகளாலானது. கதவில் ஒரு காந்தம். நிலையில், சிறு கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். காந்தம் அருகில் இருக்கும்வரை நாக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும், விலகினால் பிரியும். மழைக்காலத்தில் உப்பிய மரக்கதவு முழுதாகச் சாத்தாமல் நின்றால், திருடன் வராமலேயே நாக்குகள் பிரிந்துவிடும்.

அறைக்குள் நடமாட்டத்தை உணரும் சென்சார் எதையும் வெளியிடுவதில்லை. உடம்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களை வாங்கிக்கொள்வது மட்டுமே அதன் வேலை. முகப்பில் வரிவரியாகத் தெரியும் பிளாஸ்டிக் வில்லை, அறையை விசிறி மடிப்புப் போலப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு வெப்பம் நகர்ந்தால் சமிக்ஞை பிறக்கும். அதனால் சென்சாரை நோக்கி நேராக வருபவரைவிடக் குறுக்கே கடப்பவர் விரைவில் அகப்படுவார். சாதாரணக் கண்ணாடி இக்கதிர்களை விடாது. மூடிய சன்னலுக்கு அப்பால் நிற்பவர் அதன் கணக்கில் இல்லை.

வெப்பத்தின் வேறுபாட்டையே இது பார்ப்பதால், கத்திரி வெயிலில் அடைத்துக் கிடக்கும் வீட்டில் இதன் கூர்மை குறையும். அறையின் சூடும் தோலின் சூடும் நெருங்கிவிட்டால், ஆள் பின்னணியோடு கலந்துவிடுவார். இதற்கு நேர்மாறான தொல்லை பல்லி. பத்தடி தொலைவில் பொருட்படுத்தத் தேவையில்லாத அது, வில்லையின் மேலேயே ஊர்ந்தால் ஓர் ஆள் அளவுக்குப் பார்வையை மறைக்கும். நள்ளிரவுச் சைரன்களில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான். நேர்வெயில் விழும் இடத்திலும் ஏசி காற்று படும் இடத்திலும் சென்சாரை மாட்டக் கூடாது.

பொய் அலாரத்தைச் சிறு தொல்லை என்று விட்டுவிட முடியாது. நான்கு முறை காரணமின்றி அலறினால் அக்கம்பக்கத்தார் ஐந்தாம் முறை எட்டிப் பார்க்கமாட்டார்கள். வீட்டுக்காரரே அதை அணைத்துப் போட்டுவிடுவார். கதவு, நடமாட்டம் என்று இரண்டு சென்சார்கள் அடுத்தடுத்துச் சொன்னால் மட்டும் சைரன் ஒலிக்குமாறு அமைப்பது ஒரு தீர்வு.

பேனல் வீட்டு மின்சாரத்தில் இயங்கினாலும் உள்ளே 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். மின்வெட்டு நேரத்தில் காவல் தொடர்வது அதனால்தான். வைஃபை மூலம் மட்டும் தகவல் அனுப்பும் அமைப்பு, ரவுட்டருக்கு மின்சாரம் போனதும் வாயடைத்துப் போகும். சிம் கார்டு உள்ள பேனல் அப்போதும் அழைக்கும், சிம்முக்கு ரீசார்ஜ் செய்திருந்தால்.

வெளியே கிளம்புகிறவர் பூட்டிவிட்டுப் போகவும், திரும்பி வருகிறவர் ரகசிய எண்ணை அழுத்தவும் சில விநாடி அவகாசம் உண்டு. பெரும்பாலும் 30 விநாடி போதும். அவகாசம் தலைவாசலுக்கு மட்டும். பின்கட்டுச் சன்னல் திறந்தால் உடனே ஒலிக்க வேண்டும். இரவு நிலையில் கதவு, சன்னல் சென்சார்கள் மட்டும் விழித்திருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தவர் சைரனை எழுப்பமாட்டார். சில பேனல்களில் மிரட்டலுக்கு உள்ளாகும்போது அழுத்த வேறொரு எண் இருக்கும். அலாரம் அணைந்ததுபோல் தோன்றும். ஓசையின்றிச் செய்தி மட்டும் போகும். தொழிற்சாலையில் வைத்துத் தரும் 1234 போன்ற எண்ணை முதல் நாளே மாற்ற வேண்டும். வேலையாள் நின்றுவிட்டால் அவருக்குத் தந்த எண்ணை நீக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு கதவையும் திறந்து, ஒவ்வோர் அறையிலும் நடந்து, பேனலில் அந்தந்தப் பகுதியின் பெயர் வருகிறதா என்று பார்ப்பது வழக்கம். அப்படியே வீட்டு மின்சாரத்தைச் சற்று நிறுத்தினால், பேட்டரியின் நிலையும் தெரிந்துவிடும்.