கட்டையும் கல்லும்

தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றைச் சொல்ல நமக்கு இரண்டு வினைச்சொற்கள் போதுமாக இருக்கின்றன. காட்டை அழித்தார்கள், தேயிலை நட்டார்கள். மேடையில் பேசுகிறவர்கள் "காடழித்து நாடாக்கினோம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அழித்ததற்கும் நட்டதற்கும் நடுவே ஒரு வேலை இருந்தது. வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளைப் பிடுங்குவது, மண்ணிலிருந்து கல்லைப் பெயர்ப்பது, மிச்சம் கிடக்கும் வேரைப் பொறுக்குவது. காடு வெட்டுவது சில மாத வேலை. கட்டையும் கல்லும் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதை யாரும் புகைப்படம் எடுத்ததில்லை. எனக்குத் தெரிந்து அதைப் பற்றி ஒரு பாட்டுகூடக் கிடையாது.

கம்போங் ராஜா பக்கம் போகும்போதெல்லாம் இந்த நடுவேலையைத்தான் நினைத்துக்கொள்வேன். கேமரன் மலையின் வடகோடியில், உலு தெலோம் முக்கிமில் இருக்கிற ஊர் அது. புளூ வேலி தேயிலைத் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் சிம்பாங் புலாய் சாலை திறந்த பிறகு, ஈப்போ பக்கமிருந்து பெரிய லாரிகளில் இயந்திரங்களை ஏற்றி வருவது எளிதாகிவிட்டது. இன்று சரிவுகளில் தேயிலையைவிட நெகிழிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்களே கண்ணில் அதிகம் படுகின்றன. எங்காவது ஒரு எக்ஸ்கவேட்டர் குன்றின் தோளில் உட்கார்ந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்கும். கட்டையையும் கல்லையும் எடுக்க எந்த இயந்திரம், அதன் கையில் எந்தக் கருவி என்பது இன்று வாடகைக் கணக்கு. நூறு வருடங்களுக்கு முன் அதே கேள்விக்குப் பதில் சொன்னவை நம் ஆட்களின் கைகள்.

இந்த மலை வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர் இங்கே வந்தது 1885-ல். அதற்குப்பின் நாற்பது வருடங்கள் மலையை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1925-ல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே மலைவாசத் தலமாக்கும் திட்டம் சூடுபிடித்தது. 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் நிலம் வாங்கி போ தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணையாக வந்தவர் ஏ. பி. மில்ன், இலங்கையில் தேயிலை போட்டுப் பழகியவர். கூலியாட்கள், சில கோவேறு கழுதைகள், ஒரே ஒரு ஸ்டீம் ரோலர் - இவற்றை வைத்துக்கொண்டு காட்டைத் தோட்டமாக்கினார்கள் என்று அந்த வரலாறு சொல்லப்படுகிறது. ஸ்டீம் ரோலர் ரோட்டை அமுக்கும். கட்டையைப் பிடுங்காது. கழுதை சுமக்கும். மண்ணுக்குள் இருக்கிற கல்லை அதனால் தூக்க முடியாது. அந்தப் பட்டியலில் மிச்சம் இருப்பது "கூலியாட்கள்" என்கிற ஒரு சொல். பிடுங்கியது யார் என்ற கேள்விக்குப் பதில் அதற்குள் இருக்கிறது.

மில்ன் போன்றவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுவந்தது விதையும் பழக்கமும். அங்கே காப்பிக் காலத்திலேயே காடு வெட்டும் முறை ஒன்று உருவாகியிருந்தது. சரிவின் அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மரத்தையும் பாதி வெட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள். இப்படியே மேலேறிப் போய், உச்சியில் இருக்கும் மரங்களை மட்டும் முழுசாக வெட்டிச் சாய்ப்பார்கள். உச்சி மரம் கீழ் மரத்தின் மேல் விழ, அது அடுத்ததைத் தள்ள, மலைச்சரிவே ஒரு பேரிரைச்சலோடு படுத்துவிடும். காயவிட்டுத் தீ வைப்பார்கள். எரிந்து முடிந்தால் கரியும் சாம்பலும், நெருப்பு தின்ன முடியாத அடிக்கட்டைகளும் நிற்கும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். மலாயாவில் காட்டு மரம் வெட்டுகிற வேலையைப் பல தோட்டங்கள் மலாய்க்காரர்களிடமும் ஜாவாக்காரர்களிடமும் ஓராங் அஸ்லி மக்களிடமும் சீனக் குத்தகைக்காரர்களிடமும் விட்டன. கோடாலி பிடித்தவர்கள் எல்லாரும் தமிழர்கள் இல்லை. சென்னை மாகாணத்திலிருந்து கங்காணி கூட்டிவந்த ஆட்களுக்கு வாய்த்தது அதற்கு அடுத்த வேலை. குழி வெட்டு, கான் வெட்டு, களை எடுப்பு, கட்டை, கல். இந்த உண்மையால் நம் பங்கு குறைந்துபோகாது. அது எங்கே இருந்தது என்பது துலக்கமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

கட்டையை ஏன் பிடுங்கவேண்டும்? பழைய காப்பித் தோட்டங்களில் பிடுங்கவில்லை. கட்டைகளுக்கு நடுவிலேயே கன்று நட்டு, அவை தானாக உளுத்துப்போகட்டும் என்று விட்டார்கள். ஆள் கூலி மிச்சம். ஆரம்பகால ரப்பர் தோட்டங்களிலும் அப்படித்தான். விலை பிறகு தெரிந்தது. செத்த கட்டையில் பூஞ்சை குடியேறும். கட்டையின் வேர் வழியாக நகர்ந்து, பக்கத்துச் செடியின் வேரைத் தொட்டு, அதையும் தின்னும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் செடி வாடும். அடுத்த வருடம் அதைச் சுற்றிப் பத்துச் செடி. தோட்டத்தில் வட்டமாக ஒரு சொட்டை விழும்.

இதை இலங்கையில் பொறுமையாக ஆராய்ந்தவர் டாம் பெட்ச். பேராதனையில் அரசுப் பூஞ்சையியலாளராக இருந்தவர். தேயிலைச் செடியின் நோய்களைப் பற்றிய அவருடைய நூல் 1923-ல் வந்தது. காட்டு மரத்தின் கட்டை மட்டுமல்ல, தோட்டத்துக்காரர்களே நிழலுக்காக நட்டு, பிறகு வெட்டிய சில்வர் ஓக்கின் கட்டையும் நோயைப் பரப்பும் என்பது அப்போது தெளிவாயிற்று. செவ்வேர் நோய் இன்னும் மோசம். பென்சில் தடிமன் உள்ள வேர்த்துண்டு மண்ணில் தங்கினாலும் போதும், மறுபடி வந்துவிடும். ஆகவே நோய் கண்ட இடத்தில் கட்டையை எடுத்தபின் மண்ணைக் கிளறி, பென்சில் தடிமன் வேர்வரை பொறுக்கி, அங்கேயே எரிக்கவேண்டும் என்பது தேயிலை நாடுகளில் விதியானது.

தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் இந்தப் பென்சில் கணக்கைச் சொன்னேன். சிரித்தார். "பென்சிலு எங்களுக்கு எங்கய்யா தெரியும்? சுண்டுவிரலுதான் அளவு. கட்டைய புடுங்குனா மட்டும் பத்தாது, அதோட புள்ளைங்களையும் பொறுக்கணும்னு கங்காணி சொல்லுவாரு. ஆம்பள முள்ளு போடுவான், பின்னாலயே பொம்பளைங்க கூடையோட போவாங்க." கல்கத்தாவிலும் கொழும்பிலும் அச்சான அறிவுரை சுண்டுவிரலாக மாறித்தான் மண்ணுக்கு வந்திருக்கிறது. அந்தச் சுண்டுவிரல் அளவை எந்த நூலும் பதிவு செய்யவில்லை.

கட்டையைப் பிடுங்காமலே நோயைத் தடுக்க முடியுமா என்று யோசித்தவர்களும் உண்டு. ஆப்பிரிக்காவின் நியாசலாந்தில், இன்றைய மலாவியில், 1930-களில் ஆர். லீச் என்பவர் தேயிலைத் தோட்டங்களில் ஒரு முறையைக் கண்டார். மரத்தை வெட்டுவதற்கு முன்பே அடிமரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையை உரித்துவிட வேண்டும். இலையில் உண்டாகும் சத்து வேருக்கு இறங்காது. வேர் தன்னிடம் சேர்த்துவைத்த மாவுச்சத்தைத் தின்று தீர்க்கும். அதற்குப்பின் வெட்டினால் ஆர்மில்லேரியா பூஞ்சைக்கு அந்த வேரில் சாப்பிட ஒன்றுமில்லை. தீங்கில்லாத வேறு பூஞ்சைகள் வந்து வேரை உளுக்கவைக்கும். பட்டினி போட்டுக் கொல்வது. இதற்கு ஒரு கத்தியும் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட காத்திருப்பும் போதும். ஆனால் காத்திருக்கத்தான் எந்த முதலாளிக்கும் மனசு வராது.

இனி கல். கேமரன் மலை கருங்கல்லால் ஆனது. வெடிப்புகள் வழியாக நீர் இறங்கி, மூலை மூலையாக அரித்து, பாறையை மண்ணாக்கும். நடுவில் அரிபடாத உருண்டை, வெங்காயத்தின் உட்குருத்துப் போல மிச்சமிருக்கும். அதனால்தான் இங்கே மண்ணுக்குள் கிடப்பவை பெரும்பாலும் உருண்டைக் கல். சின்னது பலாப்பழம் அளவு, பெரியது ஒரு அறை அளவு. சரிவில் இது ஆபத்தான சாமான். மேலே இருந்து தோண்டுகிறவன் தப்புவான். கீழே நிற்கிறவன் மேல் உருளும். கடப்பாரையால் கெல்லும் முன் கீழ்ப்பக்கம் முட்டுக்கொடுக்கவேண்டும், கீழே ஆள் இருக்கக்கூடாது. பெயர்க்க முடியாததைச் சம்மட்டியும் ஆப்பும் வைத்துப் பிளப்பார்கள், அல்லது சுற்றி விறகு எரித்துச் சூடேற்றித் தண்ணீர் ஊற்றுவார்கள். அதுவும் முடியாதது அங்கேயே நிற்கும். தேயிலை அதைச் சுற்றி வளைந்து போகும். எடுத்த கல்லையும் வீணாக்குவதில்லை. கல்லுக்கட்டாக அடுக்கினால் மழையில் மண் நிற்கும். இன்றும் பழைய தோட்டங்களில் செடிகளுக்கு நடுவே ஒரு பாறை தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். சுற்றுலாப் பயணிகள் அதன் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். "இது வேண்டாம், விட்டுடு" என்று ஒரு நாள் யாரோ எடுத்த முடிவு அது.

கைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு கட்டம் இருந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ட்ரெவெல்லா சகோதரர்கள் செய்த 'மங்கி' வின்ச் போன்ற கருவிகள். ஒரு மரத்தில் கட்டி, கம்பி வடத்தால் இன்னொரு கட்டையை இழுப்பது. நெம்புகோலை ஆட்ட ஒன்றிரண்டு ஆள் போதும். இன்ஜின் இல்லை. பிறகு புல்டோசர். அமெரிக்காவின் கான்சாஸில் 1923-ல் டிராக்டரின் முன்னால் தகடு பொருத்தியதில் அதன் கதை தொடங்குகிறது.

இயந்திரத்தின் மேல் இருந்த நம்பிக்கை எங்கே போய் முட்டியது என்பதற்கு தாங்கன்யிகா நல்ல பாடம். இரண்டாம் உலகப்போர் முடிந்து எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது பிரிட்டன் அங்கே நிலக்கடலை போடத் திட்டமிட்டது. முதல் வருடமே 1,50,000 ஏக்கர் காட்டைத் திருத்துவது இலக்கு. போரில் மிஞ்சிய டிராக்டர்கள் போதாமல், ஷெர்மன் டாங்கிகளை டிராக்டர்களாக மாற்றி 'ஷெர்விக்' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே கப்பல் நங்கூரச் சங்கிலியைக் கட்டிப் புதர்க்காட்டை இழுத்துச் சாய்த்தார்கள். மேலே இருந்தது சாய்ந்தது. கீழே இருந்த வேர் கருவிகளின் பல்லை மழுக்கியது. வெயிலில் மண் செங்கல்லாக இறுகியது. 1951-ல் திட்டத்தைக் கைவிட்டபோது சுமார் 3.6 கோடி பவுண்டு நஷ்டம். கட்டையைச் சாய்ப்பதும் வேரை எடுப்பதும் ஒரே வேலை அல்ல என்பதை அவர்கள் அத்தனை விலை கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள்.

இன்றைய கருவிகளுக்கு வருவோம். ஒவ்வொன்றும் ஒரு பழைய கைக்கருவியின் பேரப்பிள்ளை. ஒற்றைப் பல் ரிப்பர் கடப்பாரையின் வாரிசு. பக்கவேரைச் சுற்றி அறுத்துவிட்டால் கட்டை லேசாக எழும்பும். சீப்பு மாதிரி இருக்கும் ரேக் முள்ளின் வாரிசு. வேரையும் கல்லையும் பிடித்துக்கொண்டு மண்ணைக் கீழே உதிர்த்துவிடும். ஹைட்ராலிக் பிரேக்கர் சம்மட்டியின் வாரிசு. புல்டோசரின் தகட்டுக்கு மட்டும் பாட்டன் இல்லை. கட்டையோடு மேல்மண்ணையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகிற வேலையை மனுஷன் கையால் செய்ததே இல்லை. கட்டையைச் சீவித் தூளாக்கும் கிரைண்டர் வேரை மண்ணிலேயே விடும். மண் அரிப்புக்கு நல்லது. வேர்நோய் உள்ள தேயிலைக்கு ஆகாது.

ஸ்கிட் ஸ்டீர் எனும் சின்ன இயந்திரத்தை அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் 1957-ல் செய்தார்கள், வான்கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்ய. சமதரையில் அதைப்போல் வசதி கிடையாது. தூக்கிய பாரத்தோடு செங்குத்துச் சரிவில் திரும்பினால் குப்புற அடித்துவிடும். மலைக்கு ஏற்றது சங்கிலிச் சக்கர எக்ஸ்கவேட்டர். ஒரு திட்டில் உட்கார்ந்துகொண்டு கையை மட்டும் நீட்டும்.

கம்போங் ராஜாவில் அப்படி ஒன்றை ஓட்டுகிற தம்பியிடம் பேசினேன். ரேக் போட்டால் மண் தங்குமே, ஏன் எப்போதும் பக்கெட்டையே மாட்டியிருக்கிறாய் என்று கேட்டேன். "அண்ணே, தவுக்கே மணிக்குக் காசு குடுக்குறாரு. ரேக்குல வாரி, உதிர்த்து, திரும்ப வாருனா ரெண்டு நாளு. பக்கெட்டுன்னா அரைநாளு. கட்டை, கல்லு, மண்ணு எல்லாம் ஒண்ணா ஓடைப்பக்கம் போயிரும்." அவன் திறமைசாலி. வேறெப்படிச் செய்யலாம் என்பது அவனுக்கும் தெரியும்.

ஓடைப்பக்கம் போனது அங்கேயே நிற்பதில்லை. 1960-களின் நீர்மின் திட்டத்தில், தெலோம் ஆற்றின் நீர் சுரங்கவழியாகப் பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பப்பட்டது. அது ரிங்லெட்டில் 1963-ல் கட்டிய சுல்தான் அபு பாக்கார் அணையில் சேர்கிறது. ஆகவே வடகோடியில் தள்ளப்படும் மண்ணும் தென்கோடி அணைக்கு வழி தெரிந்து போய்விடுகிறது. நீர்த்தேக்கத்தின் பெரும் பகுதியை வண்டல் பிடித்துக்கொண்டது. தேக்கிவைக்க இடமில்லாத அணை கனமழையில் திறந்துவிடத்தான் வேண்டும். 2013 அக்டோபரில் அப்படித் திறந்தபோது பெர்த்தாம் வேலியில் வெள்ளம் வந்து உயிர்கள் போயின. சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டம், மலைநிலம் என்று அறிவித்த இடத்தில் அனுமதியின்றிக் குறுகியகாலப் பயிர் போடக்கூடாது என்கிறது.

பழைய தோட்டத்தை நான் கொண்டாடவில்லை. அந்தக் கைகளுக்குக் கிடைத்த கூலியும், கல் உருண்டு நசுங்கிய கால்களும் கொண்டாடக் கூடியவை அல்ல. கடப்பாரையைத் திரும்ப எடுக்கச் சொல்லவும் இல்லை. நான் கேட்பது சின்ன விஷயம். எதைப் பிடுங்குவது, எதை விடுவது, எந்த வேர்வரை பொறுக்குவது, எடுத்த கல்லை எங்கே அடுக்குவது என்று ஒரு அறிவு இந்தச் சரிவுகளில் இருந்தது. அதைக் கங்காணியின் அதட்டலாகவும் கூலியின் முதுகுவலியாகவும் மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். "காடழித்தோம்" என்று பெருமைப்பட்டால், இன்று காடழிப்பவன் கையில் இருக்கிற பக்கெட்டையும் பெருமையில் சேர்க்கவேண்டி வரும். கட்டையின் பிள்ளைகளைச் சுண்டுவிரல் அளவுவரை தேடிப் பொறுக்கிய பெண்களின் கூடையைச் சொன்னால் அந்தச் சங்கடம் இல்லை. அவர்களில் சிலராவது இன்னும் உயிரோடு இருக்கும்போது கேட்டு எழுதிவிட்டால் நல்லது.