மருந்து, ரவை, தோட்டா: வீட்டுக்குள் இருந்த ஆயுதம் பற்றிச் சில குறிப்புகள்

தமிழில் துப்பாக்கிக்குள் கெட்டிப்பதற்கும் காய்ச்சலுக்குக் கொடுப்பதற்கும் ஒரே சொல்தான்: மருந்து. ஈயச் சில்லுக்கும் ரவை, உப்புமாவுக்கும் ரவை. வெடிப்பொருளை அடுக்களையிலிருந்து வெகுதூரம் தள்ளிவைத்துப் பார்க்கப் பழகிப்போன மனசுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் இந்தச் சொற்கள் புழங்கிய காலத்தில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே, சில வீடுகளில் ஒரே பரணில் இருந்தன. அந்தப் பரணிலிருந்து மருந்து எப்படி இறக்கப்பட்டது, யாருடைய பரணில் மட்டும் இருக்கட்டும் என்று விட்டுவைக்கப்பட்டது என்பதுதான் இங்கே பேச நினைக்கிற விஷயம்.

முதலில் என் ஞாபகம் ஒன்று. தவளக்குப்பத்தில் கடலூர் ரோட்டுக்கு உள்ளே தள்ளி எங்கள் வீடு. எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும்போது குருவிக்காரர் ஒருவர் கொக்கும் மடையானும் கொண்டுவருவார். (நரிக்குறவர் என்பது பிற்பாடு நாம் படித்துத் தெரிந்துகொண்ட பெயர், எங்கள் தெருவில் அவர் குருவிக்காரர்தான்.) துப்பாக்கியைத் திண்ணையில் சாய்த்துவிட்டுத் தோளில் கிடக்கும் பையை அவிழ்ப்பார். அதில் ஒரு துணிச்சுருக்கில் மருந்து, இன்னொன்றில் ரவை, புகையிலை டப்பா ஒன்றில் கேப்பு, ஓரத்தில் ஒரு பிடி தேங்காய் நார். "யோவ், அத்த அடுப்பண்ட வெச்சிடாதய்யா" என்று ஆயா உள்ளேயிருந்து குரல் கொடுக்கும். "தெரியும் சாமி, எங்க குடிசையில புள்ளைங்க தலமாட்டுலதான் இருக்கு" என்பார் அவர். மேலே எழுத்து இல்லை, எண் இல்லை. எந்தச் சுருக்கில் என்ன ரவை என்று விரலால் அமுக்கியே சொல்லிவிடுவார்.

மருந்து தவறான இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊருக்கு மிக அருகிலேயே ஒரு வரலாற்றுச் சாட்சி உண்டு. அரியாங்குப்பத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு கோட்டை இருந்தது. 1748இல் ஆங்கிலேயத் தளபதி போஸ்கவென் புதுச்சேரியை முற்றுகையிட வந்தபோது முதலில் மோதியது இந்தச் சின்னக் கோட்டையோடுதான். எதிர்பார்த்ததைவிடக் கோட்டை தாக்குப்பிடித்தது. ஆங்கிலேயர் பக்கம் இழப்பும் ஏற்பட்டது. கடைசியில் அதை வீழ்த்தியது எதிரியின் பீரங்கி அல்ல. உள்ளே இருந்தவர்களின் மருந்தே தீப்பிடித்து வெடித்து, ஏறத்தாழ நூறு பேர் செத்தும் காயம்பட்டும் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் மிரண்டு கோட்டையை விட்டு வெளியேறினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ஆங்கிலேயர் முற்றுகையையே கைவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது என்பது வேறு கதை. அரியாங்குப்பம் என்றால் அரிக்கமேட்டையும் ரோமாபுரிப் பானை ஓட்டையும் பேசுகிற நம் ஆய்வாளர்கள் இந்த நூறு பேரைப் பேசியதில்லை. அவர்களில் எத்தனை பேர் உள்ளூர்ச் சிப்பாய்கள் என்பது யாருடைய கேள்வியாகவும் இருக்கவில்லை.

மருந்தின் சேர்மானங்களில் ஒன்று வெடியுப்பு. அதை உவர்மண்ணிலிருந்து கரைத்துக் காய்ச்சியெடுத்தவர்கள் உப்பிலியர் என்கிற சாதியார். 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் சாதிகளும் குடிகளும் பற்றிய தொகுதிகள் இவர்களுக்கு இடம் தந்திருக்கின்றன, அருங்காட்சியகப் பெட்டிக்குள் பூச்சியை ஊசியால் குத்திவைக்கிற முறையில். இந்த மக்களின் அறிவு இல்லாமல் பாளையக்காரரின் துப்பாக்கியும் இல்லை, கம்பெனியின் பீரங்கியும் இல்லை. வெடியுப்பு எவ்வளவு பெரிய அரசியல் என்பதற்குப் புதுச்சேரிக்காரர்கள் ஒரு ஆவணத்தைப் பார்த்தால் போதும். நெப்போலியன் காலத்துப் போர்கள் முடியும் தறுவாயில், 1814 பாரீஸ் உடன்படிக்கை பிரெஞ்சுக்காரருக்கு இந்திய ஊர்களைத் திருப்பிக் கொடுத்தது. கோட்டை கட்டக்கூடாது, போலீஸ் வேலைக்கு வேண்டிய படைக்கு மேல் வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. 1815 மார்ச்சில் கையெழுத்தான ஒப்பந்தம் உப்பு, அபினி இவற்றோடு வெடியுப்பையும் எடுத்துக்கொண்டது: பிரெஞ்சுக்காரர் ஆண்டுக்கு 18,000 மணங்கு வாங்கிக்கொள்ளலாம். ஒரு அரசு இன்னொரு அரசிடம் மருந்துக்கு அளவு வாங்கி நின்ற நிலை இது.

குடிமக்களுக்கு அந்த அளவும் இல்லை. கட்டபொம்மனும் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்ட பிறகு, 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. நம்முடைய விடுதலை வரலாறு தூக்குமரத்தோடு முடித்துக்கொள்கிறது. தூக்குமரத்துக்குப் பின்னால் வீடு வீடாக நடந்த இந்தப் பறிமுதல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிவகங்கை பற்றிய மக்கள் கதையில் குயிலி என்கிற பெண் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு எதிரியின் மருந்துக்கிடங்கில் குதிக்கிறாள். ஆவணத்தில் தேடினால் கிடைக்காது. ஆனால் மருந்துக்கிடங்கு எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதுதான் அதிகாரத்தின் இருப்பிடம் என்று அந்தக் கதையைச் சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

1878 ஆயுதச் சட்டம் இந்த வேலையை இந்தியா முழுக்க எழுத்தில் செய்தது. அதன் சொல்விளக்கப் பிரிவைப் படித்துப் பார்க்க வேண்டும். துப்பாக்கியோடு சட்டம் நிற்கவில்லை. ஈயம், கந்தகம், வெடியுப்பு என்று மூலப்பொருள்களையும் 'ராணுவச் சரக்கு' என்ற வகைக்குள் கொண்டுவர அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. வண்ணானிடமிருந்த உவர்மண்ணைத் தவிர எல்லாம் வந்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அதாவது சட்டம் பயந்தது ஆயுதத்துக்கு மட்டுமல்ல, தன் வீட்டிலேயே தனக்கு வேண்டிய மருந்தைத் தயார் செய்துகொள்ளத் தெரிந்த கைக்கும்தான்.

எல்லாக் கைக்கும் அப்படிப் பயப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். ஐரோப்பியர்களுக்கு விலக்கு இருந்தது. நீலகிரித் தோட்டத்துத் துரைமார் வீட்டுச் சிக்கார் அறையை நினைத்துப் பாருங்கள். அங்கே நடந்ததும் குருவிக்காரர் செய்த அதே வேலைதான்: சுட்டுப்போட்ட பித்தளைத் தோட்டாக்கூடுகளைப் பொறுக்கி வந்து, கேப்பு மாற்றி, மருந்தும் அடைப்பும் ரவையும் வைத்துத் திரும்ப நிரப்புவது. காகிதக் கூடுகள் மழைக்காலத்தில் ஊறி உப்பிக்கொண்டு குழலுக்குள் போகாது. ஆகவே இந்தப் பக்கத்துக்குப் பித்தளைக் கூடுதான் சரி என்று இருந்தார்கள். நிரப்பியதைத் தகரம் அடித்த பெட்டியில் அடுக்குவார்கள். மேல் அடைப்பு அட்டையில் ரவையின் எண் எழுதியிருக்கும்: காடைக்கு எட்டு, வாத்துக்கு நாலு, பன்றிக்கு எஸ்.ஜி. என்று. எண் மாறினால் ஆபத்து. ஆகவே ஒழுங்கு, ஆகவே எழுத்து. துரையின் பெட்டியில் இருந்தால் அது பொழுதுபோக்கு, ஒரு கனவானின் நேர்த்தி. குருவிக்காரரின் துணிச்சுருக்கில் இருந்தால் குற்றத்துக்கான தயாரிப்பு. மருந்து ஒன்றுதான், பெட்டிதான் வேறு.

1887இல் சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாவது மாநாட்டில் ஆயுதச் சட்டம் விவாதத்துக்கு வந்தது; பிபின் சந்திர பால் அதை எதிர்த்துப் பேசினார். படித்தவர்களின் வருத்தம் தங்களை நம்பவில்லையே என்பதாக இருந்தது. நம்பப்படாதவர்களின் பட்டியலில் உப்பிலியரும் வேட்டைக்குடிகளும் இருந்தது அவர்கள் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.

பிரிட்டிஷ் ஆயுதச் சட்டம் பிரெஞ்சு எல்லைக்குள் செல்லாது. நாலு வயல் தாண்டினால் வேறு சட்டம் என்கிற இந்த ஒட்டுத்துணி நிலப்பரப்பு ஆங்கிலேய போலீசுக்குத் தீராத தலைவலி. 1910இல் வ.வே.சு. ஐயர் புதுச்சேரி வந்து சேர்ந்தார். வாஞ்சிநாதனும் இங்கே வந்து போனார். கரடிக்குப்பம் பக்கம் சுடப் பழகினார் என்று சொல்லப்படுகிறது. 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் ஆஷ் மீது பாய்ந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியின் குண்டு. இதில் கவனிக்க ஒன்றுண்டு. கட்டபொம்மனின் ஆள் மருந்து தீர்ந்தால் உள்ளூரிலேயே தேடிக்கொள்ள முடிந்தது. இந்தப் புரட்சிக்காரருக்குக் கடல் தாண்டித்தான் தோட்டா வரவேண்டும். நூறு வருஷத்துப் பறிமுதல் எதைச் சாதித்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியவில்லை. வாஞ்சியின் சாதி அரசியல் பற்றித் தனியாகப் பேச நிறைய இருக்கிறது, இங்கே அதற்கு இடமில்லை.

சுதந்திர இந்தியா 1959இல் தனக்கென்று ஒரு ஆயுதச் சட்டம் செய்துகொண்டது. வெடிமருந்துப் பொருள் என்பதற்குள் அதன் பாகங்களும் அதைச் செய்யும் இயந்திரங்களும் அடங்கின; உரிமம் இல்லாமல் தயாரிக்க முடியாது. பழைய விலக்குகளில் ஒன்று பிழைத்துக்கொண்டது. குடகர்களும் அங்கே ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களும் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று 1861 முதல் இருந்துவந்த சலுகையை 2019இல் மத்திய அரசு 2029 வரை நீட்டித்தது. ஆயுத பூசை போல அங்கே துப்பாக்கிக்குப் பண்டிகை உண்டு, அது பண்பாடு என்பது வாதம். இருக்கட்டும். குருவிக்காரருக்குத் துப்பாக்கி பண்பாடும்தான், சோறும்தான். அவருக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை மூடியது. கொக்கைக் காப்பாற்ற வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏரியைத் தூர்த்து மனை போட்டவர் மீது எந்த வழக்கும் இல்லாமல், ஒரு கொக்குக்காக இவர் மீது வழக்கு வருவதை எந்தச் சூழலியல் விளக்கும்? தமிழ்நாட்டில் இவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023 ஜனவரி வரை காத்திருந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் பிறகு வருவதை நிறுத்திவிட்டார். அவர் மகனைக் கடலூர் ரோட்டில் பாசிமணி விற்கும்போது பார்த்துப் பேசினேன். துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டேன். "லைசென்சு அப்பா பேர்ல இருந்துது சாமி. எலக்சனுக்கு எலக்சன் ஸ்டேசன்ல குடுக்கணும், அப்புறம் போய் நின்னு நின்னு வாங்கணும். ஒருதரம் குடுத்தது, வாங்கவே இல்ல." மருந்து வைத்திருந்த சுருக்குப்பை என்ன ஆனது என்றேன். "அது அம்மாகிட்ட இருக்கு. வெத்தல பாக்கு போட்டு வெச்சிருக்கு."