பட்டர்வொர்த்: கடந்து போகும் ஊரில் ஒரு நாள்

பினாங்குக்குச் சுற்றுலா போகும் குடும்பங்களில் பெரும்பாலானவை பட்டர்வொர்த்தில் இறங்குவதில்லை. பாலம் ஏறினால் தீவு, அங்கே நாசி கண்டார், கொம்தார், தண்ணீர்மலை என்று நாள் ஓடிவிடும். ஆனால் வீட்டில் அறுபது வயதைத் தாண்டியவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பெர்ரிக்குக் காத்திருந்த வரிசை, கையில் கச்சாங் பூத்தே பொட்டலம், முகத்தில் அடித்த உப்புக்காற்று என்று கதை வரும். அந்தக் கதைகள் நடந்த ஊர் இப்போது மெல்லப் புதுமுகம் காட்டுகிறது. ஒரு நாள் ஒதுக்கிப் பார்த்து வரலாம்.

ஊரின் கதை

நீரிணைக் குடியிருப்புகளின் ஆளுநராக இருந்த வில்லியம் ஜான் பட்டர்வொர்த்தின் பெயர்தான் ஊருக்கு. உள்ளூர்க்காரர்களுக்கு இது 'பாகான்'. மலாயில் படகு அணையும் கரை என்று பொருள். கரும்புத் தோட்டக் காலத்திலேயே நம்மவர்கள் செபராங் பிறைக்கு வந்துவிட்டார்கள். ரப்பர் பின்னால் வந்தது. 'ரஜூலா' போன்ற கப்பல்களில் பினாங்கு வந்து, பெருநிலத்துத் தோட்டங்களுக்குப் போனவர்கள் இந்த நீரிணையைக் கடந்துதான் போனார்கள்.

1985-இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை காரோ லாரியோ தீவுக்குப் போக பெர்ரி ஒன்றே வழி. வரிசையில் நின்ற வண்டிகளை நம்பிச் சாப்பாட்டுக் கடைகள் பிழைத்தன. பாலம் வந்ததும் வண்டிகள் ஊரைத் தொடாமலே பறந்தன. 2014-இல் இரண்டாவது பாலமும் வந்தது. 2021 முதல் பெர்ரியில் கார் ஏற்றுவதும் நின்றது.

ஊருக்குத் திருப்பம் தந்தது 2018-இல் திறக்கப்பட்ட பினாங்கு சென்ட்ரல். ரயில், பேருந்து, பெர்ரி மூன்றும் இன்று நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன.

காலை

கோலாலம்பூரிலிருந்து வருபவர்களுக்கு இடிஎஸ் ரயில் உண்டு. சுங்கைப் பட்டாணி, புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால், தைப்பிங் பக்கத்துக்காரர்கள் கொமுட்டர் ரயிலிலேயே வந்துவிடலாம். காரை நிறுத்த இடம் தேடும் தலைவலி இல்லை.

பசியாறிவிட்டு முதலில் பாகான் டாலாம் பக்கம் போங்கள். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றிய வட்டாரம் இது. இங்குள்ள மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுச் சற்று உட்காருங்கள். பெரியவர் எவரிடமாவது பேச்சுக் கொடுத்தால், பலகையில் எழுதி வைக்காத வரலாறு கிடைக்கும்.

அங்கிருந்து ஜாலான் ஜெட்டி லாமா. பழைய கடைவீடுகளின் பின்சந்துச் சுவர்களில் ஓவியங்கள் தீட்டி 'பட்டர்வொர்த் ஆர்ட் வாக்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் படம் எடுக்க ஏற்ற இடம். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

பெர்ரிப் பயணம்

மஞ்சள் நிறப் பழைய பெர்ரிகள் ஓய்வு பெற்றுவிட்டன. 2023 ஆகஸ்டு முதல் நான்கு புதிய படகுகள் ஓடுகின்றன. ஆட்களும் மோட்டார் சைக்கிள், சைக்கிள்களும் மட்டுமே ஏறலாம். கால் மணி நேரத்துக்குள் ஜார்ஜ்டவுன் கரை வந்துவிடும். ரொக்கம் வாங்குவதில்லை, அட்டையைத் தயாராக வைத்திருங்கள்.

பட்டர்வொர்த் முனையத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம். 1988 ஜூலை 31-ஆம் தேதி, புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் தேவாலயத் திருவிழாவும் தீவில் சீனர் விழாவும் ஒரே நாளில் வர, கூட்டம் தாங்காமல் முனையத்தின் மேல்தளம் இடிந்தது. 32 பேர் உயிரிழந்தனர். வடக்கே பல வீடுகளில் அந்த நாளை இன்னும் மறக்கவில்லை.

மாலை

தீவில் மதிய உணவை முடித்துத் திரும்பினால், மாலைக்குப் பந்தாய் பெர்சே கடற்கரை. நடக்கிற தூரமில்லை, கிராப் எடுங்கள். கடல் உணவுக் கடைகள் உண்டு. சூரியன் பினாங்கு மலைக்குப் பின்னால் இறங்குவதை இந்தக் கரையிலிருந்து பார்க்க முடியும். ரயிலில் திரும்புகிறவர்கள் கடைசி ரயில் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைப்பது நல்லது.

ஏன் இப்போதே?

கடலோர நிலத்துக்கு மதிப்பு கூடும்போது ஊர் அழகாகும், வாடகையும் ஏறும். பழைய கடையும் பழைய குடியும் அதைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமை நகரமான பின் நம் சாமான் கடைகள் சில என்னவாயின என்பது தீவுக்காரர்களுக்குத் தெரியும். பட்டர்வொர்த்தில் துறைமுக வேலை பார்த்தவர்கள், பெர்ரி வரிசையில் பலகாரம் விற்றவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வைக்க ஆள் வேண்டும்.

எனவே போகும்போது தாத்தா பாட்டியையும் அழைத்துச் செல்லுங்கள். பெர்ரியில் சன்னலோர இருக்கையை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். எந்த வழிகாட்டிப் புத்தகத்தையும்விட அவர்கள் காட்டும் பட்டர்வொர்த் பெரியது.