‘கடன்’ என்னும் சொல்லும் அதன் இருமுனைப் பிணைப்பும்

இன்றைய வழக்கில் ‘கடன்’ திருப்பித் தரவேண்டிய பொருளையும், ‘கடமை’ ஆற்றவேண்டிய செயலையும் குறிக்கின்றன. இப்பிரிவினையோடு பழந்தமிழை அணுகுவோர், அங்குள்ள ‘கடன்’ என்பதற்குக் ‘கடமை’ என உரை எழுதிக் கடந்துவிடுகின்றனர். அவ்வுரை பிழையன்று, ஆனால் குறையுடையது.

சங்க இலக்கியத்திலேயே இச்சொல்லின் பொருளியல் முகம் தெளிவாக உள்ளது. புறநானூற்று 327ஆம் பாடலில், தலைவன் தான் விளைத்த சிறிதளவு வரகைக் கடன் கொடுத்தோர்க்கு அளிக்கிறான்; எஞ்சியதைப் பாணர் உண்கின்றனர்; பின்னும் அவன் வரகைக் கடனாக இரக்கிறான். கடன் கொடுத்தோரை அப்பாடல் ‘கடவர்’ என்கிறது. பொன்முடியாரின் 312ஆம் பாடலிலோ தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகிய ஐவர்க்கும் தனித்தனிக் கடன் வகுக்கப்படுகிறது. மகனின் போர்த்தொழில் இறுதியில்தான் வருகிறது. அதற்கு முன் நால்வர் தத்தம் பங்கைச் செலுத்தியாக வேண்டும். வேந்தன் நல்குவதை ‘நன்னடை’ என்பது ஒரு பாடம், ‘தண்ணடை’ என்பது மற்றொன்று. பின்னதைக் கொண்டால் அது மருதநில ஊராகிறது. வேந்தனின் கடன் நிலமாகவே அளக்கப்படுகிறது. வீரயுகத் தாயின் தியாகக் குரலாக மட்டும் இப்பாடலைக் கற்பிக்கும் மரபு, நடுவிலுள்ள கொல்லனையும் வேந்தனையும் ஏனோ மறந்துவிடுகிறது.

ஏழாம் நூற்றாண்டில் அப்பரின் திருக்கடம்பூர்த் திருக்குறுந்தொகையிலும் (ஐந்தாம் திருமுறை) இதே அமைப்பைக் காணலாம். பணி செய்து கிடப்பதே தம் கடன் என்னும் பகுதி மேடைதோறும் ஒலிக்கிறது. அதற்கு முன்னுள்ள பகுதி அடியவனைத் தாங்குவது இறைவனின் கடன் என்கிறது. இறைவனையே முதலில் கடன்பட்டவனாக நிறுத்திய பின்னரே அப்பர் தம் கடனைப் பேசுகிறார். தனித்து மேற்கோளாக்கும்போது உரிமைக்குரல் மறைந்து பணிவு மட்டும் எஞ்சுகிறது. என் தொடக்கநிலை ஆய்வுக் குறிப்புகளிலும் இப்பிழை இருந்தது.

சோழர் கல்வெட்டுகளில் இப்பிணைப்பு கணக்காகவே பதிவாகிறது. நந்தாவிளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் விடப்பட்டன; அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கப் பொறுப்பேற்றனர். ஆடுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டதால், மந்தை அழிந்தாலும் பொறுப்பு அழியவில்லை. ‘கடவோம்’ என இவர்கள் உறுதி கூறும் வினையும் ‘கடன்’ என்பதன் அடியிலிருந்தே பிறந்தது. கோயில் விளக்கு பக்தியால் எரிந்தது என்பது உண்மை. கொடுத்தவரின் பக்தியும் பெற்றவரின் கடனும் வேறுவேறு ஆள்களிடம் இருந்தன என்பதும் உண்மை. அக்காலக் கல்வெட்டுகளில் ‘கடமை’ என்பதே நிலவரியின் பெயராக வழங்கியதை இங்கு இணைத்து நோக்கவேண்டும்.