பெரிட்டான்: ஒரு பெயரின் வரலாறு

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் நகரருகே 1961 முதல் இயங்கிவரும் 64 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி, 2001இல் ஒரு துடிப்பைப் பதிவுசெய்தது. டங்கன் லாரிமர் குழுவினர் அதனை 2007இல் உலகுக்கு அறிவித்தனர். 5 மில்லி விநாடிக்கும் குறைவாக நீடித்த அத்துடிப்பில் உயர் அதிர்வெண்கள் முந்தியும் தாழ் அதிர்வெண்கள் பிந்தியும் வந்து சேர்ந்தன. விண்வெளியில் பரவிக் கிடக்கும் எலக்ட்ரான்களின் ஊடே நெடுந்தொலைவு கடந்துவரும் அலைகளுக்கே இத்தகைய தாமதம் நேரும். தாமதத்தின் அளவு, துடிப்பின் பிறப்பிடம் பால்வீதிக்கு அப்பாலுள்ளது என்பதைச் சுட்டியது.

நான்கே ஆண்டுகளில் இம்முடிவு ஐயத்துக்குள்ளானது. சாரா பர்க்-ஸ்போலவரும் உடன் ஆய்வாளர்களும் அதே தொலைநோக்கியின் 1998 முதலான பதிவுகளில், ஏறத்தாழ அதே தாமதத்தைப் போலி செய்யும் 16 துடிப்புகளைக் கண்டெடுத்தனர். அவை ஏற்பியின் 13 கற்றைகளிலும் ஒருசேரத் தோன்றின. வானின் ஒரு புள்ளியிலிருந்து வரும் அலை அவ்வாறு தோன்றாது. எனவே அவை புவியில் பிறந்தவை என்பது தெளிவாயிற்று. ஆனால் எதிலிருந்து? விடை தெரியாத நிலையில், எந்தக் காரணத்தையும் முன்கூட்டியே ஏற்றிச் சொல்லாத ஒரு பெயரை அவர்கள் நாடினர். போர்ஹேயின் கற்பனை உயிரினங்களுள் ஒன்றான 'பெரிட்டான்', சிறகுடைய மான். அதன் நிழலோ மனித நிழல். அப்பெயரே நிலைத்தது.

நிழல் உண்மையிலேயே மனிதனுடையதாக இருந்தது. 2015 ஜனவரியில், புதிதாக நிறுவப்பட்ட குறுக்கீட்டுக் கண்காணிப்புக் கருவி, பெரிட்டான்கள் தோன்றிய அதே வேளையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளையும் பதிவுசெய்தது. மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும் அலைவரிசை அது. பெரிட்டான்கள் பெரும்பாலும் வார நாள்களில், பகற்பொழுதில் தோன்றியதும் அப்போது பொருள் பெற்றது. எனினும் தொலைநோக்கி கேட்டுக்கொண்டிருந்ததோ 1.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளை. அடுப்பைத் தன் நேரம் முடியும்வரை ஓடவிட்ட சோதனைகளில் பெரிட்டான் எதுவும் எழவில்லை. மார்ச் 17 அன்று, அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து பார்த்தனர், பெரிட்டான்கள் பதிவாயின. அணையும் கணத்தில் மேக்னட்ரான் உமிழும் சிறுவெடிப்பு, திறந்த கதவின் வழியே கசிந்திருந்தது. இக்கண்டுபிடிப்பை வெளியிட்ட கட்டுரையின் முதன்மை ஆசிரியரான எமிலி பெட்ராஃப் அப்போது ஒரு முனைவர் பட்ட ஆய்வு மாணவி.

நாளேடுகள் இதனை நகைச்சுவையாகவே கொண்டாடின. ஆய்வுலகிற்கு இதன் பொருள் வேறு. அடுப்பின் தடம் எத்தகையது என்பது உறுதியான பின்னரே, லாரிமர் துடிப்பு அத்தடத்தினின்று வேறுபடுவதை ஐயமின்றி நிறுவ முடிந்தது. 2017இல் இவ்வகைத் துடிப்பொன்றின் பிறப்பிடம், ஏறக்குறைய 300 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு குறு விண்மீன் மண்டலம் எனக் கண்டறியப்பட்டது.

குறுக்கீடு என்றால் வடிகட்டி எறியப்பட வேண்டியது என்பதே பொதுவழக்கு. பெரிட்டானை அவ்வாறு எறிந்திருந்தால், மெய்யான துடிப்பின்மீது விழுந்த ஐயமும் நீங்காமலேயே இருந்திருக்கும்.