போட்டோஷாப்பில் 'ஸ்கிராட்ச் டிஸ்க் புல்' தகராறா? செய்த வேலை அம்போ ஆகாமல் காப்பாற்றுவது எப்படி?

கல்யாண சீசன் வந்து விட்டால் போட்டோ ஸ்டூடியோக்களில் ராத்திரி, பகல் கிடையாது. ஆல்பம் டிசைன் செய்பவர் 3 மணி நேரம் உட்கார்ந்து, படங்களை வெட்டி, ஒட்டி, கலர் சரி செய்து முடிக்கப் போவார். அப்போது பார்த்து 'ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பி விட்டது' என்று போட்டோஷாப் ஒரு பெட்டியைக் காட்டும். சில நேரம் பைலை சேவ் செய்யக்கூட விடாது.

பதறிப்போய் கம்ப்யூட்டரை ஆப் செய்தால் அத்தனை உழைப்பும் அம்போதான். நிதானமாக இருந்தால் காப்பாற்றி விடலாம். இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஸ்கிராட்ச் டிஸ்க் என்றால் என்ன?

கம்ப்யூட்டரின் ராம், வேலை செய்யும் மேஜை மாதிரி. மேஜையில் இடம் போதாவிட்டால் சாமான்களைத் தரையில் பரப்பி வைப்போம் அல்லவா? அந்தத் தரைதான் ஸ்கிராட்ச் டிஸ்க். ராம் போதாதபோது போட்டோஷாப், ஹார்ட் டிஸ்க்கில் தற்காலிகமாக இடம் பிடித்துக் கொள்கிறது. நாம் மாற்றாவிட்டால் அது பெரும்பாலும் விண்டோஸ் இருக்கும் சி டிரைவ்தான்.

எவ்வளவு இடம் பிடிக்கும்?

12க்கு 36 இஞ்ச் ஆல்பம் தாளை 300 ரெசல்யூஷனில் போட்டால், ஒரு லேயருக்கே சுமார் 111 எம்.பி. ஆகும். முழு அளவில் 10 லேயர் போட்டால் 1 ஜி.பி.யைத் தாண்டி விடும். செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவதற்கான ஹிஸ்டரியும் தனியாக இடம் பிடிக்கும். புதிய போட்டோஷாப்பில் இது 50 கட்டம் வரை இருக்கும்.

உடனே செய்ய வேண்டியது

1. ஓகே கொடுங்கள். போட்டோஷாப்பை மூடாதீர்கள்.

2. ரீசைக்கிள் பின்னை காலி செய்யுங்கள். சி டிரைவில் உள்ள சினிமா, வீடியோ பைல்களை வேறு டிரைவுக்கு மாற்றுங்கள்.

3. திரும்பி வந்து கன்ட்ரோல், எஸ் அழுத்தி சேவ் செய்யுங்கள்.

4. அப்படியும் முடியாவிட்டால் எடிட் மெனுவில் பர்ஜ், ஆல் கொடுங்கள். ஜாக்கிரதை, அதன் பிறகு பழைய கட்டத்துக்குத் திரும்ப முடியாது. எனவே இதைக் கடைசியாகச் செய்யுங்கள்.

டிரைவை மாற்றுவது எப்படி?

எடிட் மெனுவில் பிரிபரன்சஸ், ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ் போய், அதிக இடம் உள்ள டிரைவுக்கு டிக் செய்யுங்கள். போட்டோஷாப்பை மூடித் திறந்தால் மாறி விடும். போட்டோஷாப் திறக்கவே மறுக்கிறதா? அதை கிளிக் செய்தவுடன் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திப் பிடியுங்கள். டிரைவைத் தேர்வு செய்யும் பெட்டி வரும்.

ஒரே ஹார்ட் டிஸ்க்கை சி, டி என்று பிரித்திருந்தால் டி-க்கு மாற்றுவதால் இடம் கிடைக்கும், வேகம் கிடைக்காது. தனியாக ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால் இரண்டும் கிடைக்கும். பென் டிரைவ் இதற்கு லாயக்கில்லை.

குப்பையை அள்ளுங்கள்

போட்டோஷாப்பை ஒழுங்காக மூடினால் தற்காலிக பைல்கள் தானாக அழிந்து விடும். கரண்ட் போனாலோ, பாதியில் நின்றாலோ அப்படியே தங்கி விடும். முதலில் போட்டோஷாப்பைத் திறந்து, பழைய வேலை மீண்டு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சேவ் செய்து விட்டு மூடுங்கள். பிறகு விண்டோஸ் பட்டனுடன் 'ஆர்' அழுத்தி, இருபுறமும் சதவீதக் குறியுடன் 'டெம்ப்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். அங்கு 'போட்டோஷாப் டெம்ப்' என்று தொடங்கும் பைல்களை அழித்து விடலாம்.

பிளக்ஸ் டிசைனர்கள் கவனத்துக்கு

10க்கு 8 அடி பேனரை 300 ரெசல்யூஷனில் போட்டால் ஒரு லேயரே சுமார் 3 ஜி.பி. அகலம் 36 ஆயிரம் பிக்சல் ஆவதால் சாதாரண பி.எஸ்.டி. பைலாக சேவ் செய்யவும் முடியாது. அதன் உச்சவரம்பு 30 ஆயிரம் பிக்சல்தான். அதே பேனரை 72-ல் போட்டால் சுமார் 180 எம்.பி.தான். தூரத்தில் நின்று பார்க்கும் பேனருக்கு இது போதும்.

வேலையைத் தொடங்கும் முன் டிரைவில் எவ்வளவு இடம் காலி என்று ஒரு தடவை பாருங்கள். நடுநடுவே கன்ட்ரோல், எஸ் அழுத்துங்கள். காலையில் பார்ட்டி வந்து நிற்கும்போது, "கம்ப்யூட்டர் மக்கர் பண்ணிடுச்சு அண்ணே" என்று தலையைச் சொறிய வேண்டியிருக்காது.