பழுப்புக் காகிதம் சொன்ன ரகசியம்

பாய்மரக் கப்பல் காலத்து கேப்டன்களின் தூக்கத்தைக் கெடுத்தது எதிரியின் பீரங்கி மட்டுமல்ல... ஒரு புழுவும்தான்! வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே மரத்தைக் குடைந்து குடைந்து சல்லடையாக்கிவிடும் கப்பல்புழு. வெப்பமான கடல் என்றால் அதற்குக் கொண்டாட்டம்.

1761-ல் பிரிட்டிஷ் கடற்படை ஒரு வழி கண்டுபிடித்தது. 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுக்க மெல்லிய செம்புத் தகடுகளை அடித்து, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். 1763-ல் அது திரும்பி வந்தபோது ஆவலோடு பரிசோதித்தார்கள். புழு? இல்லை. பாசி? இல்லை. பிரமாதம்!

ஆனால், சில இடங்களில் தகடுகளையே காணோம். அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போய், தகடு கழன்று கடலோடு போயிருந்தது. அதைவிட விசித்திரம், பக்கத்திலேயே சில ஆணிகள் அதிகம் கெடாமல் இருந்தன! எப்படி? உற்றுப் பார்த்ததில் விடை கிடைத்தது. செம்புத் தகடுகள் பழுப்புக் காகிதத்தில் சுற்றப்பட்டு வந்திருந்தன. சில இடங்களில் தொழிலாளர்கள் அந்தக் காகிதத்தைப் பிரிக்காமலேயே ஆணி அடித்துவிட்டார்கள். ஆணித் தலைக்கும் செம்புக்கும் நடுவே காகிதம் மாட்டிக்கொண்ட இடத்தில் எல்லாம் இரும்பு தப்பித்துவிட்டது. யாரோ ஒருவருடைய சோம்பேறித்தனம், விஞ்ஞானத்துக்கு உபகாரம் பண்ணிவிட்டது!

'கடல்நீரில் இரும்பும் செம்பும் தொட்டுக்கொண்டு இருக்கக் கூடாது' என்று கடற்படை புரிந்துகொண்டது. ஏன் கூடாது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. அதற்கான விளக்கத்துக்கு 1800-ல் இத்தாலிக்காரர் வோல்ட்டா பாட்டரியைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு வேறு வேறு உலோகங்கள், நடுவே உப்புநீர். அவ்வளவுதான் பாட்டரி! செம்பும் இரும்பும் கடல்நீரில் ஒட்டி நின்றால் மின்சாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. அதில் இரும்பு கரைகிறது, செம்பு பிழைக்கிறது. 'அலார்ம்' தன் வயிற்றில் ஒரு ராட்சச பாட்டரியைக் கட்டிக்கொண்டுதான் கடலில் சுற்றிக்கொண்டிருந்தது!

இதற்கிடையே, அமெரிக்க சுதந்திரப் போர் சமயத்தில் கடற்படை அவசர அவசரமாகக் கப்பல்களுக்குச் செம்பு போர்த்தியது. அடிப்பாகம் சுத்தமாக இருந்தால் கப்பல் வேகமாகப் போகும் இல்லையா? இரும்பு போல்ட்டுகள் காலை வாரியதும், 1783 வாக்கில் செம்புக் கலவை போல்ட்டுகளுக்கு மாறிவிட்டார்கள். இரும்புப் பிரச்னை தீர்ந்தது. மிச்சமிருந்தது, செம்பே கடல்நீரில் மெல்ல மெல்லக் கரைகிற பிரச்னை. தகடு மாற்றியே கஜானா காலியாகிவிடும் போலிருந்தது.

1823-ல் இந்தத் தலைவலி ராயல் சொசைட்டியின் தலைவர் சர் ஹம்ப்ரி டேவியிடம் வந்தது. பாட்டரியை வைத்தே சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பிரித்துக் காட்டியவர். சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விளக்கு கொடுத்தவர். டேவி தலைகீழாக யோசித்தார். 'செம்போடு சேர்ந்தால் இரும்பு அழிகிறது, செம்பு தப்பிக்கிறது. அப்படியானால் செம்பைக் காப்பாற்ற இரும்பை நாமே வேண்டுமென்று பலி கொடுத்தால் என்ன?'

உதவியாளர் மைக்கேல் ஃபாரடேயுடன் சோதனைகள் நடந்தன. பட்டாணி அளவு துத்தநாகம் போதும், 40, 50 சதுர அங்குலச் செம்பு பத்திரமாக இருக்கும் என்று தெரிந்தது! 1824-ல் 'சமராங்' என்ற கப்பலில் வார்ப்பிரும்புக் கட்டிகளைப் பொருத்தினார்கள் (இந்தக் கப்பல் நம் பக்கத்துக் கொச்சியில் கட்டி, 1822-ல் கடலில் இறக்கப்பட்டது). அடுத்த வருடம் அது திரும்பியபோது செம்பு பளபளவென்று இருந்தது. டேவிக்கு வெற்றி!

ஆனால், கடல் வேறு கணக்கு போட்டது. கட்டி பொருத்திய மற்றக் கப்பல்களில் பாசியும் கொட்டலசும் (பாறையில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு காலைக் கிழிக்குமே, அந்தச் சிப்பி போன்ற உயிரினம்) அப்பிக்கொண்டன. கப்பல்கள் ஆமை வேகத்தில் நகர்ந்தன. காரணம் எளிமையானது. கரைகிற செம்பு கடல் ஜீவன்களுக்கு விஷம். செம்பு கரைந்துகொண்டு இருந்ததால்தான் எதுவும் ஒட்டவில்லை! டேவி அந்தக் கரைதலை நிறுத்தியதும், விஷமும் நின்றுபோனது. அந்தச் செம்பு தன்னை அழித்துக்கொண்டுதான் கப்பலைக் காப்பாற்றியிருக்கிறது.

கேட்ட கேள்விக்கு டேவி சொன்ன பதில் நூற்றுக்கு நூறு சரி. கேள்விதான் தப்பு! இது யாருக்குப் புரியும்? பத்திரிகைகள் கிண்டலடித்தன. 1828-ல் கடற்படை திட்டத்தையே கைவிட்டது. அடுத்த வருடம் ஜெனீவாவில் டேவி இறந்துபோனார். வயது ஐம்பதுதான்.

பிறகு மரக் கப்பல் போய் இரும்புக் கப்பல் வந்தது. டேவியின் 'பலி உலோகம்' கம்பீரமாகத் திரும்பி வந்தது. இன்று எஃகுக் கப்பல்களின் அடியில் துத்தநாக, அலுமினியக் கட்டிகள் கரைந்துகொண்டே எஃகைக் காக்கின்றன. கொட்டலசை விரட்ட, செம்பு கலந்த பெயின்ட் அடிக்கிறார்கள். அந்தச் செம்பு வேண்டுமென்றே கரையவிடப்படுகிறது. டேவி ஒரே தகட்டிடம் எதிர்பார்த்த இரண்டு வேலையையும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். உங்கள் வீட்டு கீசர் டாங்க்குக்குள்கூட ஒரு மக்னீசியக் கம்பி இதே வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அது கரைந்து தீர்ந்ததும் மாற்றாவிட்டால், அடுத்து டாங்க்தான் ஓட்டையாகும்!

பாய்மரப் படகுகளில் இப்போது அலுமினியக் கம்பம், அதைத் தாங்க எவர்சில்வர் கம்பிகள். இரண்டும் நேராகத் தொட்டு, நடுவே உப்புநீர் புகுந்தால் அலுமினியம் அரிக்க ஆரம்பிக்கும். அதனால் விவரம் தெரிந்த படகுக்காரர்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் வாஷரையோ டேப்பையோ வைத்துத்தான் முடுக்குகிறார்கள். 1761-ல் யாரோ பிரிக்க மறந்த பழுப்புக் காகிதம் செய்த அதே வேலையை, இவர்கள் மறக்காமல் செய்கிறார்கள்!